செவ்வாய்ப் பந்தயத்துக்கு எதிராக ஒரு மனு

உலகத்தில் பராதி அண்ணன் புகார் எழுதாத ஒரே பொருள் புகார்ப் பெட்டி என்று நம்பியிருந்தேன். அதன் வாய் குறுகல், தன் மனு நுழையவில்லை என்று அதற்கும் ஒன்று எழுதினார். மலையாளத்தில் பராதி என்றாலே புகார்தான். சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும் தெரியும்.

மட்டாஞ்சேரியில் அவருக்கு ஜெராக்ஸ் கடை. எந்தக் காகிதத்தையும் முழுக்கப் படித்து, மனசுக்கு ஒப்பினால்தான் நகல் எடுப்பார். முகூர்த்த நேரம் சரியில்லை என்று ஒரு கல்யாணப் பத்திரிகையையே திருப்பி அனுப்பியவர்.

அவரிடம்தான் என் காமிக்ஸோடு மாட்டினேன். மறுநாள் காலை காக்கநாட்டில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் இன்டர்வியூ. ஐந்து நகல் வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். வேலை கிடைத்தால் அம்மா இறால் உரிக்கப் போவதை நிறுத்தலாம்.

கதை இது: நிலாவிலிருந்து செவ்வாய்க்குப் பந்தயம். சூரிய வெளிச்சத்தைப் பாயில் பிடித்து ஓடும் கப்பல்கள். நம்மூர்க் கப்பல் முந்தும்போது யாரோ பாயைக் கிழித்துவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் சமையல்காரர் பள்ளுருத்தி பாப்பச்சன் பிடிபடுகிறார்.

பராதி அண்ணனுக்கும் சொந்த ஊர் பள்ளுருத்திதான். மெஷின் நின்றது.

"எடா, நாப்பது பேருக்கு கப்பக்கிழங்கும் மீனும் வைக்கிறவனுக்கு பாய் கிழிக்க எங்கடா சமயம்? சாட்சி உண்டோ?"

"கற்பனைதானே அண்ணே. நாளைக்கு எனக்கு இன்டர்வியூ."

"ஒருத்தன் ஜோலியக் கெடுத்துட்டுதான் உனக்கு ஜோலி வேணுமோ? போய் சாயா குடிச்சுட்டு வா."

திரும்பி வந்தால் கடைவாசலில் கூட்டம் கூடி விசாரணை. இங்கே வள்ளம்களிப் படகுப் போட்டியில் தோற்றவர்கள் புகார் கொடுப்பது வழக்கம். அதனால் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. வல்லார்பாடம் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவர் தீர்ப்புச் சொன்னார்: "அவ்வளவு வெயில்ல கெடந்தா எந்தப் பாயும் தன்னால கிழியும். பாப்பச்சன் பாவம், விட்டுடு."

வேறு வழியில்லை. கடையிலேயே உட்கார்ந்து, பாப்பச்சனை நிரபராதியாக்கி வரைந்தேன். "நாளைக்கு நீ வாக்கு மாறுவ. எனக்கு நாலு பேர் கையொப்பு வேணும்" என்று அண்ணன் மற்ற பக்கங்களைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்வந்தார். பிறகுதான் நகல் எடுத்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார்.

இன்டர்வியூவில் அதிகாரி திறந்த முதல் தாள் என்னுடையதல்ல. 'பெறுநர்: பந்தயக் குழுத் தலைவர், செவ்வாய். பொருள்: பாப்பச்சன் மீதான பொய்க் குற்றச்சாட்டு.' கீழே நாற்பதுக்கு மேல் கையெழுத்து. அவர் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

"இத்தனை பேர் படிச்சு சண்டை போட்ட கதையா?" என்று கேட்டார். வேலை கிடைத்தது.

பஸ்ஸில்தான் அந்தத் தாளை ஒழுங்காகப் பார்த்தேன். பாதிக்குப் பாதி கைநாட்டு, பக்கத்தில் அண்ணன் கையால் எழுதிய பெயர்கள்; எல்லாம் அம்மாவின் இறால் கொட்டகைப் பெண்கள். முதல் ரேகை அம்மாவுடையது.

எழுத்துத் தெரியாத அம்மாவுக்கு இதெல்லாம் எதற்கு என்று, இந்தக் கதையை அவளிடம் நான் சொன்னதே இல்லை. இறால் வாடைக்கு நடுவே நின்று, அத்தனை பக்கத்தையும் பராதி அண்ணன் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.