சாம்பிராணி குடித்த சர்வர்

பொத்தானை அமுக்கியதும் அது கத்த ஆரம்பித்தது. வேப்பூர் மேம்பாலத்தில் கரும்பு லாரி ஏறும்போது கேட்குமே, அந்தக் கத்தல். சுவரில் காலண்டர் படபடத்தது. டீவி ஸ்டாண்டில் நின்ற பீங்கான் குதிரை அதிர்ந்து அதிர்ந்து விளிம்பு வரை நகர்ந்து, அங்கே நின்று யோசித்தது.

"கத்துது. அப்பறம்?" என்றாள் திரௌபதி.

"அப்பறம் படம் வரும்" என்றார் அவள் கணவர் கோதண்டபாணி.

படம் வரவில்லை. பக்கத்தில் வைத்திருந்த மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. அதில் கோதண்டபாணியின் முகம் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் அவருக்கு அதுவே போதுமான படம்.

"மிக்ஸி ஓடுது, சட்னியக் காணோம்" என்று சொல்லிவிட்டு திரௌபதி குதிரையை எடுத்துக் கீழே வைத்தாள்.

கோதண்டபாணி விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்யும் பட்டறைக்கு முதலாளி. சிறு பட்டறைக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர். தலைவர் பதவிக்குச் சம்பளம் கிடையாது என்பதால் அதைத்தான் முழு நேரமும் பார்த்தார். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும். கையெழுத்து போடச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் பேனா கேட்பார்.

போன கூட்டத்தில் எழுந்து, "நம்ம டிசைன் போட்டோவெல்லாம் எவனோ அமெரிக்காக்காரன் மேகத்துல, அதான் கிளவுடுல, கெடக்குது. இனிமே விருத்தாசலத்துக்குன்னு சொந்த மேகம்!" என்று முழங்கினார். பலத்த கைதட்டல். அந்த நேரத்தில்தான் போண்டாத் தட்டும் உள்ளே வந்தது என்பதால், கைதட்டல் எதற்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் மேகத்துக்கு என்று எடுத்துக்கொண்டார். திறப்பு விழாவுக்கு ஃபிளெக்ஸும் அடித்தாகிவிட்டது. அதில் மேகம் சின்னதாகவும் தலைவர் பெரிதாகவும் இருந்தார்கள்.

சென்னைக்குப் போய், பழைய கம்ப்யூட்டர் விற்கும் சந்தில் ஒரு நாள் முழுக்கத் தேடி இந்தச் சர்வரை வாங்கி வந்தார். பெரிய கம்பெனிகளில் இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வைப்பார்களே, அந்த ரகம். நீளமாக, தட்டையாக, பீரோவை யாரோ மிதித்துவிட்ட மாதிரி இருந்தது. சட்டம் இல்லாததால் இரண்டு முக்காலிமேல் படுத்திருந்தது.

"வேல்விழியக் கேக்கலாம்ல?" என்றாள் திரௌபதி.

கோதண்டபாணி துண்டால் சர்வரைத் துடைத்தார்.

இந்த மாதிரிப் பெட்டிகளை வைத்து ஜீவனம் நடத்தும் ஒரே விருத்தாசலத்து ஆள் அவர் பெற்ற மகள் வேல்விழிதான். சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் எஞ்சினியர். போன வருஷம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்கு என்னா வேலைங்க?" என்று கேட்டார்கள். கோதண்டபாணி கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "ராத்திரி பூரா கம்ப்யூட்டர் பொட்டிங்களுக்கு வாட்ச்மேன் வேலை. கல்யாணம் ஆனா வுட்டுடுவா" என்று சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். காபித் தட்டோடு நின்ற வேல்விழி சிரிக்கவில்லை. தட்டை வைத்தாள், பையை எடுத்தாள், அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவர் போனை எடுத்தால் "அம்மாட்ட குடுங்க" என்ற இரண்டு வார்த்தைதான். பொங்கலுக்கு வரவில்லை. ஊரே தேர் பார்க்க வந்த மாசி மகத்துக்கும் வரவில்லை.

"ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவா."

"நான் கேக்கணுமா? சங்கத் தலைவன்டி நான்."

"சங்கமா அவளப் பெத்துது?"

கோதண்டபாணி உடனே சூளை மேஸ்திரி பச்சமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பச்சமுத்து சர்வரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சுடுதுங்களே மொதலாளி. பூசை போட்டீங்களா?"

"கம்ப்யூட்டருக்கு எதுக்குய்யா பூசை?"

"முன்னால காத்து உள்ள போவுது, பின்னால அனல் வெளிய வருது. அப்ப இது சூளைதான? மொதப் பத்தவைப்புக்குப் பூசை போடாம எந்தச் சூளை நமக்கு ஒழுங்கா வெந்துது?"

வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. எலுமிச்சம்பழம் வந்தது, மஞ்சள் வந்தது, தூபக்காலில் சாம்பிராணியும் வந்தது. பச்சமுத்து தூபத்தைச் சர்வரின் முகத்துக்கு நேராகக் காட்டினார். உள்ளே இருந்த ஆறு மின்விசிறிகளும் அதற்காகவே பிறந்தவை போல மொத்தப் புகையையும் உறிஞ்சி, பின்பக்கம் ஊதின. கூடம் மறைந்தது. புகைக்குள்ளிருந்து "பீப்... பீப்..." என்று ஒரு புதுச் சத்தம் வந்தது. திரௌபதி தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பேச ஆரம்பிச்சிடுச்சு பாருங்க" என்றார் பச்சமுத்து.

அதன் பிறகு அது பேச்சை நிறுத்தவே இல்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக் காசியம்மாள் வாசலில் நின்றாள்.

"யக்கா, உங்க வூட்ல என்னாத்தக் கட்டிப் போட்டிருக்கீங்க? எங்க நாய் உங்க சுவத்தப் பாத்தே கொலைச்சிக் கொலைச்சித் தொண்டை கட்டிப்போய்ப் படுத்திருக்குது."

சர்வரைப் பட்டறைக்கு மாற்றினார்கள். கேஸ் சூளை வந்த பிறகு பழைய சூளை சும்மாதான் கிடந்தது. சுவர் நல்ல கனம், சத்தம் வெளியே வராது. கரன்ட் ஒயரை இழுத்து, சர்வரை உள்ளே வைத்து, ஓடவிட்டு, கோதண்டபாணி ஃபிளெக்ஸ் கட்டும் இடத்தை மேற்பார்வை பார்க்கப் போனார்.

சூளைக்குள் சாமான் வைத்தால் அடுத்து என்ன செய்வது என்று அந்தப் பட்டறையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அவர் திரும்பி வந்தபோது வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, களிமண் குழைத்து, வழித்துப் பூசி முடித்திருந்தார்கள். நெருப்பைப் பார்க்க விடும் ஓட்டையில் பச்சமுத்து ஒரு கண்ணை வைத்திருந்தார்.

"நல்லா சூடேறுதுங்க மொதலாளி."

"அடப்பாவி, தொறய்யா!"

சொல்லி வாய் மூடவில்லை. உள்ளே கத்தல் நின்றது. பீப்பும் நின்றது.

"தொறக்கக் கூடாதுங்க" என்றார் பச்சமுத்து, குரலைத் தாழ்த்தி. "ஆறாத சூளையத் தொறந்தா காத்து பட்டுச் சாமான் விரிசல் வுட்டுடும். தானா ஆறணும்."

"அது பீங்கான் இல்லய்யா!"

"சூளைக்கு அது தெரியாதுங்களே."

சூளை ஆறும்வரை காத்திருந்தார்கள். பட்டறை ஆட்கள் வழக்கப்படி குரலைத் தாழ்த்தியே பேசிக்கொண்டார்கள். கோதண்டபாணி மட்டும் பெரிதாகப் பதறாமல் டீ குடித்தார். தலைவர்களுக்கு உள்ள நிதானம் அது என்று நினைத்துக்கொண்டார்கள்.

பொறுக்க முடியாமல் திரௌபதிதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கோகுலகிருஷ்ணனைக் கூட்டி வந்தாள். சர்வர் மறுபடி வீட்டு முக்காலிகளுக்கு வந்திருந்தது. இப்போது கத்தியது, பீப் அடித்தது, கூடவே மஞ்சளாக ஒரு விளக்கும் எரிந்தது.

"சாதாரணப் பிரச்சினையாத்தான் சார் இருக்கும். மூடியத் தொறந்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்று கோகுலகிருஷ்ணன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"மூடியில கைய வெக்காத!" கோதண்டபாணி போட்ட சத்தத்தில் சர்வரே ஒரு கணம் அடங்கியது போல் இருந்தது. "நீ என்னா படிச்சிருக்க?"

"பி.சி.ஏ. சார்."

"சர்வர்ல பி.சி.ஏ.வா?"

"சர்வர்லன்னு தனியா எவன் சார் பி.சி.ஏ. தரான்?"

"அப்ப டீ சாப்ட்டுட்டுக் கெளம்பு."

கோகுலகிருஷ்ணன் டீயைக் குடித்தான். வாசலில் செருப்பை மாட்டும்போது, "உங்க பொண்ணு வேல்விழி இதுல பெரிய ஆளாமே சார். அவங்களக் கேக்கலாமே" என்றான்.

"ஊர்ல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றார் கோதண்டபாணி, திரௌபதியைப் பார்த்து. "நானா கேக்க மாட்டேன். உனக்கு வேணும்னா நீ கேட்டுக்க."

திரௌபதி அடுக்களைக்குள் போய் போன் போட்டாள்.

"ஏண்டி, உங்கப்பா சர்வர் வாங்கியாந்திருக்காரு."

"யாரு? எதுக்கு?"

"மேகம் வுடப் போறாராம். ஓட மாட்டேங்குது."

"எங்க வச்சிருக்காரு?"

"இப்ப வூட்ல. முந்தாநாளு சூளையில இருந்துது."

வேல்விழியின் குரல் ஏறியது.

"சூளையிலயா?"

"சும்மா வெக்கலடி. சாம்பிராணி போட்டுட்டுத்தான் வச்சாங்க."

"அம்மா, யாரும் அதத் தொடாதீங்க. பாவம்மா அது. நான் லீவு போட்டு வரேன்."

கூடத்தில் கோதண்டபாணி பேப்பரில் வந்த டெண்டர் விளம்பரம் ஒன்றை மிகுந்த உருக்கத்தோடு படித்துக்கொண்டிருந்தார்.

வேல்விழி ரயிலில் வந்து இறங்கியபோது ஜங்ஷன் வாசலில் கோதண்டபாணி டீ குடித்துக்கொண்டிருந்தார். சங்க வேலையாக வந்ததாக டீக்கடைக்காரரிடம் கேட்காமலே சொன்னார். வேல்விழி ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோவுக்குப் பின்னால் ஸ்கூட்டர் ஒன்று, ஹாரன் அடிக்காமல், வீடு வரை வந்தது.

முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்து மூடியைக் கழற்றினாள். உள்ளே களிமண் தூசி, மஞ்சள், சாம்பல். கூடம் முழுக்கச் சாம்பிராணி மணந்தது.

"அம்மா, பிரஷ்."

திரௌபதி அடுப்பில் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் மெல்லிய பிரஷ் ஒன்றை ஒரு கை நீட்டியது. வேல்விழி வாங்கிக்கொண்டாள். யார் கை என்று பார்க்கவில்லை.

"டார்ச்ச இப்படி அடிக்கச் சொல்லும்மா."

டார்ச் எரிந்தது.

"இன்னும் கொஞ்சம் சாச்சு" என்றாள், இந்தத் தடவை அம்மாவைச் சேர்க்காமல்.

கோதண்டபாணி சாய்த்தார். மூன்று பேனாவும் சட்டைப் பையிலிருந்து சர்வருக்குள் விழுந்தன. வேல்விழி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அவர் பையிலேயே செருகினாள்.

"இது என்னாது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரேமு. வேலை செய்யும்போது கையில வச்சிக்கறது."

"இது?"

"கரன்ட்டு வர்றது. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும். நிக்கவே கூடாதுப்பா. இது நின்னா எங்கியோ ஒரு ஆஸ்பத்திரியில சீட்டு போட முடியாம நோயாளி உக்காந்திருப்பாங்க."

இரண்டு வார்த்தைக்கு மேல் பேசிவிட்டதும், அதில் ஒன்று 'ப்பா' என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"இந்த மாதிரி எத்தினி பாத்துக்கற?"

"எங்க ஹால்ல ஆயிரத்துக்கு மேல."

"ஆயிரமா! எல்லாமேவா கத்தும்?"

"ஒண்ணா கத்தும். ஆனா அதுல ஒண்ணு மட்டும் மாத்திக் கத்துனா எனக்குத் தெரிஞ்சிடும்."

"தூக்கம் வராதா?"

"உள்ள குளுருமே. ஸ்வெட்டர் போட்டுக்குவேன்."

கோதண்டபாணி டார்ச்சை மறு கைக்கு மாற்றினார்.

"இதப் போய் வாட்ச்மேன் வேலைன்னு ஒருத்தன் சொன்னான்."

"எவன்?"

"எவனோ. வெவரங்கெட்டவன்."

வேல்விழி பெட்டிக்குள் தலையை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா வேறு எதுவுமா என்று டார்ச் வெளிச்சம் ஆடிய ஆட்டத்தில் தெரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து சாயங்காலம் வரை பார்த்தாள். ரேமைக் கழற்றி மாட்டினாள், ஒயரை மாற்றினாள், தன் லேப்டாப்பை இணைத்துப் பார்த்தாள். கடைசியில் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"போர்டே செத்துப்போச்சு."

"சூளையிலயா?" என்று கதவோரம் வந்து நின்ற பச்சமுத்து கேட்டார்.

"இல்லண்ணே. உங்க சாம்பிராணியும் ஒண்ணும் பண்ணல, சூளையும் ஒண்ணும் பண்ணல. இது செத்து ஒரு வருஷமாவது இருக்கும். வரும்போதே பொணமாத்தான் வந்திருக்குது." முகம் சிவந்துவிட்டது. "ஒண்ணும் தெரியாதவருன்னு எங்கப்பாவ எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான். எங்கப்பாவ!"

"போனாப் போவுது வுடும்மா" என்றார் கோதண்டபாணி.

"எப்படிப்பா வுடறது?" பெட்டியின் பக்கவாட்டில் கடைக்காரர் பேரும் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் இருந்தது. போனை எடுத்தாள்.

"வேணாம்மா, பாவம் அவன் புள்ளகுட்டிக்காரன்." அவர் செருப்பைத் தேடினார். "எனக்குச் சங்கத்துல ஒரு மீட்டிங் இருக்குது, போயிட்டு வரேன்."

"உக்காருங்க" என்றாள் திரௌபதி, வாசலை மறித்துக்கொண்டு. அவருடைய காது இரண்டும் சூளைச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தன.

வேல்விழி ஸ்பீக்கரைப் போட்டாள். "கடைக்காரர் மாயவனா? விருத்தாசலம் கோதண்டபாணி வூட்லேர்ந்து பேசறேன். செத்த மிசினத் தலையில கட்டியிருக்கீங்களே, ஒரு பெரியவர ஏமாத்த உங்களுக்கு மனசு எப்படி வந்துச்சு?"

"நானா ஏமாத்தினேன்? நல்லா இருக்குதே மேடம்! ஓடற மிசினா மூணு எடுத்துக் காட்டினேன். ‘இதெல்லாம் வேணாம் தம்பி, என் பொண்ணே வந்து பாத்தாலொழிய எவனாலயும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி கெட்டுப்போனது ஒண்ணு இருந்தா குடு’ன்னு ஒரு நாள் பூரா என் கடையில உக்காந்து தேடி வாங்கிட்டுப் போனாரு மேடம் அவரு. ஆமா... அந்தப் பொண்ணு வந்துடுச்சா?"