மெல்ல மூடும் வாயிலும் மூக்கின் முற்றுகையும்

அலகிலாப் பேச்சுடையாள் வாழ்க. வாய் திறந்தால் நடைவழி அதிர, தேநீர் இடைவேளைகளைத் தனியொருத்தியாய்த் தின்று ஏப்பம் விட்டவளும், ‘வாயாடி’ என்னும் விருதை ஆய்வுக்கூடத்தார் ஒருமனதாய் வழங்கப் பெற்றவளும், அப்படியிருந்தும் நரம்புக்கலங்களின் வாயை அடைப்பது எவ்வாறு என்பதையே ஆராய்ச்சிப் பொருளாய்த் தேர்ந்தெடுத்தவளுமாகிய எம் தலைவியே, உன் போரைப் பாடப் புகுந்தோம். விழித்திரையே, வெளிச்சம் கண்டு கூச்சலிடும் கலங்களை வேண்டிய வேளையில் அதட்டி அடக்கும் மெல்லிழைத் தாயே, எம் நாவில் வந்தமர்க. வரும்போது தூசி மட்டும் கொண்டு வராதே.

களம் உரைப்போம். இருள் மண்டிய சிற்றறை, காலடி அதிர்வும் எட்டாதபடி காற்றுமெத்தையில் மிதக்கும் இரும்பு மேசை, அதன்மேல் நுண்ணோக்கி, நுண்ணோக்கியின் கீழே எலியொன்றின் விழித்திரையிலிருந்து அரிந்தெடுத்த மெல்லிய சீவல். அச்சீவலில் இருந்த கலங்களெல்லாம் காலையிலிருந்து ஒவ்வொன்றாய் மாண்டொழிய, எஞ்சிய ஒரேயொரு இருமுனை நரம்புக்கலத்தின் விலாவில் கண்ணாடி ஊசியின் நுனி ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு சற்றுப் பலமாய் விட்டாலும் பிரிந்துவிடும் ஒட்டு அது.

இனிப் பகையின் வரலாறு. காபா என்றொரு தூதுப்பொருள் உண்டு. ‘சும்மா இரு’ என்று சொல்வது ஒன்றே அதன் பிழைப்பு. அது கலத்தின் மேனியிலுள்ள ஏற்பி என்னும் வாயிலைத் தொட்டதும் கதவு திறக்கும். திறந்த வழியே குளோரைடுப் படை குபுகுபுவென உள்ளே பாயும். கலம் கத்தும் தெம்பிழந்து அடங்கும். அவ்வாயில்கள் இருவகைப்படும். ஒன்று, பட்டென்று திறந்து பட்டென்று மூடும் அவசரக்காரன். மற்றொன்று, மெல்லத் திறந்து, ‘கிளம்புறேன்’ என்று சொல்லிவிட்டு நிலைப்படியிலேயே நின்று கதை பேசும் விருந்தாளியைப் போல மூடுவதற்கு மனமே வராத மந்தன். இக்கலத்தில் மந்தனும் உண்டு என்று முழங்கினாள் வாயாடி. அவசரக்காரன் மட்டுமே என்று மறுத்தார் அவளுடைய ஆய்வு வழிகாட்டியாகிய சார்.

“இன்னைக்குக் காட்டும்மா. காட்ட முடியலைன்னா அந்த அத்தியாயத்தைத் தூக்கிடு,” என்று அவர் அறிவித்துவிட்டார். அந்த அத்தியாயத்துக்காகவே அவள் இரண்டு ஆண்டுகளைக் கொட்டியிருந்தாள்.

ஆகவே அவசரக்காரனை மட்டும் அடைத்துப்போடும் மருந்தை ஏவினாள். மருந்துக் குழாயின் திருகு தேய்ந்துபோனதால் அதைக் கட்டைவிரலால் விடாமல் அழுத்திப் பிடித்தால்தான் மருந்து ஓடும். பிடித்தாள். காபாவைப் பீய்ச்சினாள். குளோரைடுப் பாய்ச்சலை ஊசி வழியே அளந்து காட்டும் மின்னோட்டக் கோடு, திரையில் தட்டையாய்க் கிடந்தது, மெல்ல மெல்ல மலையாய் எழுந்தது. மந்தன் இருக்கிறான்! ஆனால் அவன் மெல்ல மூடுவதையும் காட்ட வேண்டும். கோடு பழைய தரைக்கு இறங்கும்வரை ஒட்டு பிரியக் கூடாது.

அந்நேரம் பார்த்து, மாலை வரவேற்பொன்றுக்காகச் சென்ட் குப்பியில் பாதியை மேலே கவிழ்த்துக்கொண்டு வந்திருந்த சார், திரையைப் பார்க்க அவள் தோளருகே குனிந்தார்.

எழுந்தான் தும்மல்வேந்தன். நாசிக்கோட்டையின் இரு வாயில்களையும் ஒருங்கே வளைத்து, கண்ணீர்ப்படையை முன்னே விட்டு, “இக்கணமே கதவைத் திற, இன்றேல் உன் ஊசி தூள், உன் கலம் தூள், உன் அத்தியாயமும் தூள்” என்று பறையறைந்தான். வாயாடி இடக்கைச் சுட்டுவிரலை மேலுதட்டில் குறுக்கே ஊன்றினாள். நாக்கை அண்ணத்தில் முட்டுக்கொடுத்தாள். தனக்கு வரவேண்டிய மாப்பிள்ளை முதல் வரவே வேண்டாத பரீட்சை வரை என்னென்னவோ நினைத்துப் பார்த்தாள். கோடு இறங்கவில்லை. இங்கேதான் விதி விளையாடியது. சார் சொன்னது மெய்யாயிருந்தால் கோடு எழுந்தே இராது, அவள் எப்போதோ தும்மித் தொலைத்திருக்கலாம். தான் சொன்னதே மெய்யாகிப்போனதால் மந்தன் ஆடி அசைந்து மூடிக்கொண்டிருந்தான். தன் கொள்கை பொய்யாகட்டும், சார் வாழட்டும், அவர் கொள்கை செழிக்கட்டும் என்று உலக ஆராய்ச்சி வரலாற்றில் எந்த மாணவியும் வேண்டாததை எம் தலைவி மனதார வேண்டினாள்.

“இறங்கவே மாட்டேங்குதே,” என்றார் சார்.

வாயாடி வாய் திறக்கவில்லை. அதைக் கண்டே அவர் திடுக்கிட்டார். திரும்பிப் பார்த்தால் அவள் கன்னத்தில் கண்ணீர் தாரை தாரையாய் ஓடியது.

“ஐயோ, அழாதம்மா. நான் சொன்னதுதான் தப்பு. நீ சொன்னதுதான் சரி,” என்று மனமுருகிய அம்மனிதர், ஆறுதல் சொல்லும் பொருட்டு இன்னும் நெருங்கி, தம் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவி அவள் மூக்கருகே நீட்டினார். சென்ட்டின் மறுபாதி அதில்தான் இருந்தது.

மூவுலகும் சிவந்தது. காது அடைத்தது. கட்டைவிரலோ குழாயை விட்டு அசையவில்லை. அவள் முகம் போன கோணலைக் கண்டு சார் ஓரடி பின்வாங்கிய அவ்வேளையில், கோடு சரிந்து, தவழ்ந்து, தயங்கி, கடைசியில் தரை தொட்டது.

“அத்தியாயம் இருக்கட்டும். அதையே முதல்ல வை,” என்று ஆணை பிறந்தது.

அவளுக்கு வந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. கட்டைவிரலை விடுவித்து, நாற்காலியை உதைத்துத் தள்ளி, அறையின் நட்டநடுவே கால் பரப்பி நின்று, முற்றுகையிட்ட வேந்தனுக்குக் கோட்டையை முழுமையாய்த் திறந்துவிடும் பெருந்தன்மையோடு தலையை அண்ணாந்து, கண்ணை இறுக்கி, வாயைப் பிளந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள் எம் தலைவி. சார் காதைப் பொத்திக்கொண்டார்.

தும்மல் வரவில்லை.