சானடோரியம் சிங்கத்தைப் பெண் பார்க்க வந்தார்கள்

தாம்பரம் சானடோரியம்,
திங்கட்கிழமை

மரியாதைக்குரிய ஷாகுல் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஹஃபீசாவின் கணவன் ஜலால் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இங்கு நான், ஹஃபீசா, மகள் கைனாத் மூவரும் உடம்பளவில் நலம். திருச்சியில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் உடம்பு, மனசு இரண்டாலும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் துஆ செய்கிறோம். போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நேற்றிலிருந்து பல தடவை போனைக் கையில் எடுத்துவிட்டேன். முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் சிரித்துவிடுவீர்கள் என்று பயந்து வைத்துவிட்டேன். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

தாங்கள் பார்த்துக் கொடுத்த அனகாபுத்தூர் சம்பந்தம் நேற்று மதியம் வீட்டுக்கு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. தேக்சா நிறைய பிரியாணி, தால்ச்சா, பிரெட் அல்வா எல்லாம் அப்படியே கிடக்க, ஒரு வாய் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். பெண்ணைப் பிடிக்கவில்லை என்று போயிருந்தால் தாங்கிக்கொள்வேன். சீர் பேச்சில் முறிந்திருந்தால் உலகத்தில் நடக்காததா என்று விட்டிருப்பேன். ஒரு கல்லால் போனது, மச்சான். வைரமில்லை, நவரத்தினமில்லை, கிட்னியில் வருகிற கல்லும் இல்லை. உலகத்திலேயே இல்லாத ஒரு கல். அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் இறங்கவில்லை. காலையில் பேக்கரியில் உப்பு பிஸ்கட் கேட்டவருக்கு ரஸ்க்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். வந்தவர்கள் மூன்று பேர். தோல் பை வியாபாரம் செய்யும் யூனிஸ் பாய், அவருடைய மகன் முதாசிர், தாயில்லாத அந்தப் பையனை வளர்த்த அத்தை ஷபீனா. பார்க்க மரியாதைப்பட்ட குடும்பம். யூனிஸ் பாய் வாசலிலேயே என் கையைப் பிடித்து, சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து இவ்வளவு கிட்டவா என்று சந்தோஷப்பட்டார். கைனாத்துக்குப் போன வருடம் ஒரு இடம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்ட விஷயத்தை இவர்களிடம் எடுக்கவே வேண்டாம் என்று நீங்கள் எனக்கு உத்தரவு போட்டிருந்தீர்கள். நானும் நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு, பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் முடிச்சூர் ரோட்டில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பதைப் பற்றிப் பேசினேன். வெயில் காலத்தில் எதற்கு இவர் தண்ணீரைப் பற்றியே பேசுகிறார் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

மற்றபடி எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பையனுக்குப் பெருங்குடியில் சாஃப்ட்வேர் வேலை, சிகரெட் கிகரெட் கிடையாது, தொழுகை தவறாது என்று யூனிஸ் பாய் சொன்னார். ஹஃபீசா கட்லெட் தட்டை நீட்டி, எல்லாம் கைனாத் கையால் செய்தது என்றாள். அந்தக் கட்லெட்டைக் காலையில் பொரித்த மாஸ்டர் என் பேக்கரியில் சம்பளம் வாங்குகிறவர். ஆனாலும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பையனின் போன் அடித்தது. பாட்டு இல்லை, மச்சான். பாதாளத்தில் யாரோ சம்மட்டியால் பாறையைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பின்னால் நாலைந்து பேர் முனகுவது போல இன்னொன்று. டீ தட்டோடு ஹாலுக்குள் வந்துகொண்டிருந்த கைனாத் அப்படியே நின்றுவிட்டாள்.

"பாதாள நகரமா?" என்று கேட்டாள்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்தான். அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டாம். உலகம் பூராவும் ஆடுகிறார்களாம். இவனும் ஆடுகிறான், இவளும் ஆடுகிறாள். ஹஃபீசா என்னைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் என்று வாயசைத்தாள். ஷபீனா அம்மா, இந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே மாதிரி பொழுதுபோக்கு அமைவது பெரிய விஷயம் என்றார். முதாசிருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தான் அந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் யூடியூப் சேனல் நடத்துவதாகவும், ஏகப்பட்ட பேர் பார்ப்பதாகவும் சொன்னான். சேனல் பேர் என்ன என்று கைனாத் கேட்டாள். கருங்கல் ரகசியம் என்றான்.

கைனாத் டீ தட்டைக் கீழே வைத்தாள். வைத்த விதத்தில் சாஸரில் டீ தெறித்தது.

"நீங்கதானா அது?" என்றாள். மேல்மாடியிலிருந்து குப்பை போட்டவனைக் கையும் களவுமாகப் பிடித்த குரல். "என் கமெண்ட்டைப் படிச்சுக் காட்டி, அரைவேக்காடுன்னு ஒரு வீடியோவே போட்டீங்க. அப்புறம் பிளாக் பண்ணிட்டீங்க. நான்தான் சானடோரியம் சிங்கம்."

பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சானடோரியம் சிங்கம் நீங்களா? நான் யாரோ ரிட்டயர்டு அங்கிள்னு நெனச்சேன்," என்றான்.

மச்சான், அந்த நிமிஷத்தில் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பெயர் வைக்கிற அன்று ஹஜ்ரத் காதில் ஓதி கைனாத் என்று பெயர் வைத்த பிள்ளை. கிண்டியில் ஆடிட்டர் ஆபீசுக்குப் போய்விட்டு மின்சார ரயிலில் தலைகுனிந்து வீட்டுக்கு வருகிற பிள்ளை. அது வெளியே சிங்கமாக உலாவுகிறது, எங்களுக்குத் தெரியவில்லை. ஹஃபீசா என்னைப் பார்க்கிறாள், நான் ஹஃபீசாவைப் பார்க்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கட்லெட்டைப் பார்க்கிறோம்.

அப்புறம்தான் கல் வந்தது. ஆம்பரைட் என்று பெயராம். ஆம்பூர் என்று என் காதில் விழுந்ததால், பிரியாணி பற்றித்தான் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து, கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எனக்கு விளக்கினார்கள். மலைக்குள்ளே ஒரு நகரம். அந்த நகரத்துக்கே வெளிச்சம் கொடுப்பது பொன்னிறமான ஒரு கல். மந்திரக் கல். ஒருநாள் அது கெட்டுப்போய்க் கறுத்துவிடுகிறது. கறுத்த கல்லைத் தொட்டவர்கள் பெற்ற தாயையே யாரென்று கேட்கிறார்கள். கல் ஏன் கெட்டது என்று விளையாட்டைச் செய்தவர்கள் சொல்லவில்லையாம். அதனால் ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு தியரி கட்டிக்கொண்டு அடித்துக்கொள்கிறார்களாம். நான் இத்தனை காலமாகப் பேக்கரி நடத்துகிறேன், கெட்டுப்போவதைப் பற்றி எனக்குத் தெரியாததில்லை. பால் கெடும், க்ரீம் கெடும், மழை நாளில் பன் பூசணம் பிடிக்கும். கல் எப்படிக் கெடும்? இதைக் கேட்டேன். இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு தருணம்தான், "அதானே கேள்வி!" என்றார்கள்.

முதாசிருடைய தியரி என்னவென்றால், கல்லுக்குள் பிறவியிலேயே அழுகல் இருந்தது, வெளியே தெரிய நாளானது, அவ்வளவுதான், யார் மேலும் தப்பில்லை. கைனாத் விடவில்லை. கல் நல்ல கல்தான் என்றாள். அந்தக் கல் தன் பக்கத்தில் நின்று யார் பொய் சொன்னாலும் அதை உறிஞ்சிக்கொள்ளுமாம். பொய் நிரம்பி நிரம்பிக் கறுத்துவிட்டதாம். "பிறவியிலேயே அழுகல்னா தோண்டின இடத்துலதான மொதல்ல கறுக்கணும்? சுரங்கத்துல கறுக்கல. அரண்மனைல, விருந்து மண்டபத்துல கறுத்துச்சு. பெரிய மனுஷங்க உக்காந்து சம்பந்தம் பேசற எடத்துல," என்றாள். இதைச் சொல்லும்போது அவள் யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. ஆனால் ஹாலில் பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரு தடவை அசைந்து உட்கார்ந்தோம். யூனிஸ் பாய் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். நான் மறுபடி முடிச்சூர் தண்ணீருக்குப் போகலாமா என்று யோசித்தேன்.

இந்த இடத்தில் ஷபீனா அம்மா, பாவம், சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனசோடுதான் சொன்னார். "என்னமோ போங்கம்மா, நல்ல கல்லா இருந்தா யார் கை பட்டா என்ன, கறுக்காது."

ஹஃபீசா சட்டென்று கைனாத்தைப் பார்த்தாள். போன வருடம் நிச்சயம் நின்றபோது எங்கள் தெருவில் இதே வார்த்தையைக் கல் என்று சொல்லாமல் சொன்னார்கள். கைனாத் அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் இத்தனை நாளும் ஸ்டேஷனுக்கு நடந்து போய் வந்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேற்றுத்தான் சொன்னாள், அதுவும் சத்தமே போடாமல்.

"எனக்கு ஏற்கனவே ஒரு எடம் நிச்சயமாகி நின்னு போச்சு ஆன்ட்டி. இவங்க உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்லிடறேன். அப்புறம், அந்தக் கட்லெட்டும் நான் செஞ்சதில்ல."

தூக்கித் தண்டவாளத்தில் போட்டாற்போல் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் முதாசிரைப் பார்க்கிறோம். பையன் நெற்றியைச் சுருக்கி எதையோ ஆழ்ந்து யோசிக்கிறான். சரி, எழுந்து போகப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கைனாத் பக்கம் சாய்ந்து கேட்கிறான்: "விருந்து மண்டபம்னா, வடக்குச் சுவரா? அங்க கறுப்பு இருக்கறதை நான் கவனிச்சதே இல்லையே."

குடும்பத்தின் தலையில் இடி விழுந்திருக்கிறது, இவன் சுவர் கேட்கிறான். அவளும் ஒரு பேச்சுக்குக்கூடக் கண் கலங்காமல், வடக்கு இல்லை, தூணுக்குப் பின்னால் கிழக்குச் சுவர் என்று பதில் சொல்கிறாள். யூனிஸ் பாய் சட்டென்று எழுந்தார். முகமெல்லாம் வேர்வை. சொல்லி அனுப்புகிறோம் பாய் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். ஷபீனா அம்மா ஒன்றும் புரியாமல் பின்னால் போனார். பையன் மட்டும் வாசலில் நின்று இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். கீழேயிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துப் போகவேண்டியிருந்தது.

அவர்கள் போனதும் ஹஃபீசா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். கைனாத்தும் அழுவாள் என்று நினைத்து, என்ன ஆறுதல் சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த மண்டபத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா இது என்றேன். "அவர் ஒண்ணு சொன்னாரு அத்தா, அந்தப் பக்கத்துலேர்ந்து நான் பார்த்ததே இல்ல," என்றாள். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு பிரியாணியை எதிர் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். விசேஷம் என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன். ஒன்றுமில்லாததற்கு யாராவது தேக்சா பிரியாணி போடுவார்களா?

இதற்கெல்லாம் மூலகாரணம் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் சொன்னேன். சொல்லாதே என்று தடுத்தவர் நீங்கள். உங்கள் புத்தியைக் கேட்டு நடந்ததில் என் பெண் வாயாலேயே அதைச் சொல்லும்படி ஆகிவிட்டது. தயவுசெய்து அவர்களுக்கு நீங்களே போன் செய்து, எங்களுக்கு இந்த இடம் வேண்டாம் என்று, அவர்கள் சொல்வதற்கு முந்தி, சொல்லிவிடவும். இனி என் மகளுக்கு எந்தச் சம்பந்தமும் நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. இனி என் வீட்டுப் படி மிதிக்கவும் வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸலாம், சிறியவர்களுக்கு முத்தமும் துஆவும். தங்களுக்கு இருக்கும் மூட்டுவலியை அல்லாஹ் லேசாக்கி வைப்பானாக. கோபத்தில் எழுதினாலும் இந்த துஆவில் குறை வைக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
ஜலால்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடைப்பக்கம் போனேன். பிரெட் அலமாரிக்கு முன்னால் யூனிஸ் பாய் நின்றுகொண்டிருக்கிறார். தூங்காத கண். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பொண்ணு விருந்து மண்டபத்துப் பொய்யின்னு சொன்னப்பவே எனக்கு வேர்த்துடுச்சு பாய். என் பையனுக்கும் ஒரு எடம் நிச்சயமாகி நின்னு போனதுதான். அது தெரிஞ்சுதான் தன் விஷயத்தையும் போட்டு உடைச்சு எங்களக் குத்திப் பேசறாங்கன்னு நெனச்சு ஓடிட்டேன்," என்றார். ஏன் பாய் முதலிலேயே சொல்லவில்லை என்றேன். சொல்லலாம் என்றுதான் இருந்தாராம். ஷாகுல் பாய்தான் வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டாராம். மச்சான், நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே ஆளுக்கொரு டீ குடித்துக்கொண்டு வெகுநேரம் உங்களைப் பற்றியேதான் பேசினோம். பேசியதைக் கடிதத்தில் எழுத முடியாது. முதாசிர் நேற்று மாலையே கிழக்குச் சுவரைப் பார்த்துவிட்டு, தன் தியரி தப்பு என்று வீடியோ போட்டு, சிங்கத்தை அன்பிளாக் செய்துவிட்டானாம். கைனாத்தைக் கேட்டேன். "ஆளு ஓகே அத்தா. சுவர் விஷயத்துல மட்டும் பாதிதான் ஒத்துக்கிட்டிருக்காரு. மீதியை நான் பாத்துக்கறேன்," என்றாள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிச்சயம். முந்தின நாளே குடும்பத்தோடு புறப்பட்டு வந்துவிடவும். இந்த இடம் வேண்டாம் என்று போன் செய்யச் சொன்னதையும், வீட்டுப் படி மிதிக்க வேண்டாம் என்று மேலே எழுதியிருப்பதையும் மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். மற்றபடி திட்டியதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.