ஆறிப்போச்சு மெக்கானிக்கும் தடுப்பூசிப் பெட்டியும்

பிரபஞ்சத்தின் முடிவைப் பற்றிச் சாமியார்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள், விஞ்ஞானிகள் கவலைப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கவலையில் சோறு இறங்காமல் தவித்த ஒரே ஃபிரிட்ஜ் மெக்கானிக் எங்கள் ஆறிப்போச்சுதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநராக இருந்த ஆறு வருடத்தில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆலங்காயத்தில் சின்னதாகக் கடை வைத்திருந்தார். மருந்தைக் குளிராக வைத்திருக்கும் எங்கள் தடுப்பூசிப் பெட்டிக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் போனால், முதல் பஸ் பிடித்து மலையேறி வந்துவிடுவார். தோளில் பை, காதில் பென்சில், வாயில் எப்போதும் ஒரே வார்த்தை, "ஆறிப்போச்சு."

ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனம் படித்தவர். பாடப்புத்தகத்தின் கடைசி அத்தியாயம் பரீட்சைக்குக் கிடையாது என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம். வகுப்பே அதை விட்டுவிட்டு மற்றதைப் படித்தது. இவர் மற்றதை விட்டுவிட்டு அதைப் படித்தார். சூடு எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் ஓடும். தானாகத் திரும்பி வராது. இப்படியே ஓடி ஓடி ஒரு நாள் சூரியன், நட்சத்திரம், நாம், நம் மலை எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அதற்கப்புறம் எங்கேயும் எதுவும் நடக்காது. இருபது வயதில் இதைப் படித்த மனிதர் அதற்குப் பிறகு சிரித்து யாரும் பார்த்ததில்லை.

டீக்கடையில் அவர் பக்கத்தில் உட்காரவே பயமாக இருக்கும். கொதிக்கக் கொதிக்க வாங்கி ஒரே மடக்கில் குடிப்பார்.

"மெதுவா குடிப்பா, நாக்கு வெந்துடப் போவுது" என்பார் கடைக்காரர்.

"வெந்தா வேவட்டும். நீ ரெண்டு தபா ஆத்துனியே, அப்பவே இதுக்குப் பாதி உசுரு போச்சு. போன சூடு திரும்பி வருமா? நாளைக்கி சூரியனும் இப்பிடித்தான் ஆறிப்போவும்."

"நாளைக்கேவா?" என்று பதறினார் வடை தின்றுகொண்டிருந்த பஸ் கண்டக்டர்.

"நாளைக்கேன்னா நாளைக்கே இல்லீங்க. கோடி கோடி வருசம் கீது."

"அப்பாடா! அடுத்த மாசம் எம்பொண்ணு கல்யாணம்யா."

ஒரு சந்தை நாளில் இருவரும் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவில் ஒரு குலுக்கல். முன் சீட்டு அம்மாவின் மடியிலிருந்த இரண்டு மூட்டைகளும் சரிந்து, சாமையும் கொள்ளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எதிரே லாரி வந்ததால் பஸ்ஸும் நின்றது. ஆறிப்போச்சு எழுந்து நின்றார்.

"யம்மா, வுட்டுடு. கலந்தது கலந்ததுதான். தானா பிரியாது. ஒலகத்தோட விதியே அதான்."

"தானா பிரியாதுன்னு எனுக்குத் தெரியாதா? நவுரு அப்பால" என்றார் அந்த அம்மா. சந்தைக்கு விற்க எடுத்து வந்த புது முறத்தில் அள்ளிப்போட்டுக் கொழித்தார். லாரி ஒதுங்கி வழிவிடுவதற்குள் சாமை ஒரு பக்கம், கொள்ளு ஒரு பக்கம். பஸ்ஸே கைதட்டிச் சிரித்தது. நம்மவர் அசரவில்லை.

"யம்மா, வேர்த்துதா?"

"வேர்த்துது."

"பசிக்குதா?"

"பசிக்காம? காலைல குடிச்ச கூழு எந்த மூலைக்கி?"

"பாத்தீங்களா சார்!" என்று என் பக்கம் திரும்பினார். "கொள்ளு ஒழுங்காச்சு, கூழு காலி. ஒரு எடத்த ஒழுங்கு பண்ணா இன்னொரு எடத்துல அத்தவிட அதிகமா செலவாவும்."

அந்த அம்மா என்னைப் பார்த்து, "இந்த ஆளுக்கு வூட்ல சோறு போடறாங்களா இல்லியா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் கையில் எங்கள் மானம் சிக்கிய கதைக்கு வருகிறேன். ஓர் ஐப்பசி மாதத் திங்கட்கிழமை. பெட்டியின் மோட்டாரைத் துடைத்துவிட்டுப் போக வந்திருந்தார். மத்தியானம் பிடித்த புயல்மழையில் மரங்கள் சாய்ந்து ரோடு அடைபட்டது, மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இருந்தது, ஓடாது. பழுது பார்க்கச் சொல்லி மேலே எழுத வேண்டியவன் நான். எழுதலாம், எழுதலாம் என்று ஒரு மாதமாகச் சோம்பலில் தள்ளிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். பெட்டிக்குள் எட்டு டிகிரியைத் தாண்டினால் மருந்தெல்லாம் குப்பைக்குத்தான். கைக்குழந்தையோடு காட்டு வழியில் மூன்று மணி நேரம் நடந்து வரும் தாய்மார்களிடம் "மருந்து கெட்டுப்போச்சு, போய்ட்டு வாங்க" என்று ஒரு தடவை சொன்னால், அடுத்த தடவை அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்?

எங்கள் சிஸ்டர் நல்ல மனசுக்காரர். "குளிர் இருக்குதான்னு ஒரு தடவ தொறந்து பாத்துடவா?" என்று மூடியில் கை வைத்தார்.

"சிஸ்டர்!" என்று அலறினார் ஆறிப்போச்சு. "இருக்குதான்னு பாக்கறதுலயே அது பூடும். வெளியில சின்னத் திரைல நம்பரு தெரியுதில்ல, அத்தப் பாரு."

அடுத்து வார்டில் இருந்த கம்பளிகளையெல்லாம் கொண்டுவந்து பெட்டிமேல் சுற்ற ஆரம்பித்தார். டாக்டரம்மா தோளில் இருந்த சால்வையைக்கூட விடவில்லை.

"ண்ணா, கம்பளி சுத்துனா உள்ள சூடாய்டாது?" என்றார் சிஸ்டர்.

"கம்பளி இன்னா அடுப்பா? அது காவக்காரன். உள்ள இருக்கறத வெளிய வுடாது, வெளிய இருக்கறத உள்ள வுடாது."

"அப்போ யாரும் தொறக்காம நீங்களே அதுமேல ஏறி உக்காந்துக்குங்க."

"நானா? எம்மேல முப்பத்தேழு டிகிரி கீது, சிஸ்டர். இந்த ரூம்புல அதுக்கு மொத எதிரியே நான்தான். போங்க, அல்லாரும் வெளிய போங்க. ஒவ்வொருத்தரும் ஒரு அடுப்பு!"

டாக்டரம்மா வராந்தாவில் மேசை போட்டு நோயாளிகளைப் பார்த்தார். ஆறிப்போச்சு அறையின் ஜன்னல்களைத் திறந்துவிட்டு மலைக்குளிரை உள்ளே அழைத்தார். தன் கம்பளியையும் பெட்டிக்கே போர்த்திவிட்டு, தள்ளி ஒரு ஸ்டூலில் வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நாளும் அங்கேயேதான். செவ்வாய் காலை ஐந்து டிகிரி, சாயங்காலம் ஆறு டிகிரி. ஒவ்வொரு எண்ணுக்கும் என் ஆயுளில் ஒரு வருடம் குறைந்தது. என் சோம்பலை அவரிடம் ஒத்துக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அப்பறமா எழுதுங்க சார். இப்ப மூச்ச கொஞ்சம் அந்தப் பக்கமா வுடுங்க" என்றார்.

புதன் காலை ஏழு டிகிரி. தாய்மார்கள் நனைந்த குடைகளோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூடியைத் திறப்பதற்கு முன் சிஸ்டரை நிற்க வைத்து, எந்த மருந்து எந்த மூலையில் என்று மூன்று தடவை ஒப்பிக்க வைத்தார். "மூடியிருக்கறப்பவே யோசி. தொறந்துகினு யோசிக்காத." ஒரே திறப்பு. அத்தனையும் சூடு புகாத கைப்பெட்டிக்கு மாறியது. முதல் குழந்தைக்கு ஊசி இறங்கியதும் அது போட்ட கூச்சலில் வராந்தா அதிர்ந்தது. நானும் அழுதேன். மருந்து வாசனை என்று சமாளித்தேன்.

கடைசிக் குழந்தையும் போனபின் ஆறிப்போச்சு தும்மினார். தொட்டுப் பார்த்தால் நெருப்பு, நூற்றிரண்டு. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன்.

"ஏங்க, கடைசியில எல்லாமே ஆறிப்போகும்னு நீங்கதானே சொல்வீங்க? அப்புறம் எதுக்கு இந்த ஒரு பெட்டிக்கு இவ்வளவு பாடு?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது ஆறட்டும் சார், அதுக்கு நாள் கீது. இந்தக் கொயந்திங்களுக்கு இன்னிக்கித்தான புதன்கிழமை?"

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. இருந்திருந்தால் இவரைப் போல ஓர் அண்ணன் இருந்திருக்கலாம் என்று, அவர் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன்.