எங்கே போகிறாய் என்று கேட்காத வீடு

எங்கள் வீட்டில் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, நல்ல காரியம் எதுவும் கைகூடும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது, நாவூறு கண்ணூறு பட்டுவிடும். இரண்டு, வாசற்படி தாண்டுகிறவரைப் பார்த்து “எங்கை போறாய்?” என்று கேட்கக்கூடாது, போகிற காரியம் உருப்படாது. தவறிக் கேட்டுவிட்டால் போகிறவர் திரும்பி வந்து, சற்று இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பலாம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா ஒரேயொரு பெட்டியோடுதான் லண்டன் வந்தார். ஆனால் இந்தச் சட்டங்கள் இரண்டையும் மறக்காமல் கொண்டுவந்துவிட்டார். நாங்கள் மனோர் பார்க்கில் வீடு வாங்கிய விஷயம், சாமான் வான் வந்து நின்ற பிறகுதான் அடுத்த தெருவில் இருக்கும் என் சொந்தச் சித்திக்கே தெரியும். (சித்தி அதை இன்னும் மன்னிக்கவில்லை.)

இந்தச் சட்டங்களை மீறாமல் வளர்ந்த நல்ல பிள்ளை நான். அதனால்தான் ஒரு பின்னேரம் வேல்ஸ் மலையொன்றில், தொடைவரை சேற்றோடு, ஒரு செம்மறியாட்டின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

எனக்குக் கிழக்கு லண்டனில் அம்புலன்ஸ் வேலை. பராமெடிக். வேலை பிடித்த வேலைதான். ஆனாலும் ஒரு நாள் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வேல்ஸில் ஒரு தேசியப் பூங்காவில், மலையேற வந்து விழுந்து எழும்புகிறவர்களைப் பார்க்க, கோடைகாலத்துக்கு மட்டும் ஒரு பராமெடிக் தேவையாம். கூடவே ஒரு படம். பச்சை ஜக்கெட் போட்ட ஒருத்தி பாறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அம்புலன்சில் நான் சூடாகத் தேநீர் குடித்ததாக ஞாபகமே இல்லை. எனக்கு அந்த வேலை வேண்டும், அந்தப் பாறை வேண்டும், அந்தத் தேநீரும் வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கத் தொடங்கியது.

மலை அனுபவம் கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ். பேருக்கேற்ற தட்டை நிலம். அதில் ஆக உயரமான பொருள் நாய் கொண்டுவருகிற மனிதர்கள்தான். நான் ஏறிய மலையெல்லாம் லிப்ட் வேலை செய்யாத கவுன்சில் மாடிக் குடியிருப்புகள். “உயரமான இடங்களில் நோயாளிகளைக் கவனித்த நீண்ட அனுபவம்” என்று எழுதினேன். (பொய்யில்லையே.) நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள்.

முதலாவது சட்டப்படி ஒருவருக்கும் சொல்லவில்லை. என் கணவர் ரவியிடம் “டே ஷிப்ட்” என்றேன். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை, அவர்தான் கேட்கமாட்டாரே. வேலையிடத்தில் லீவு எடுக்க ஒரு காரணம் வேண்டுமென்பதால் அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் என்று சொல்லி வைத்தேன். விடியவே யூனிபோர்மோடு காரில் ஏறி, வழியில் பெட்ரோல் செட் கழிவறையில் உடுப்பு மாற்றி, புதுச் சப்பாத்துக்குள் கால் நோக நோக வேல்ஸ் போய்ச் சேர்ந்தேன்.

மலையடிவாரத்தில் ஒரு மரக்குடில். அங்கே பொறுப்பாளர் ஹியூ. தாடிக்காரர், அவசரமே இல்லாத மனிதர். காலடியில் ஒரு கறுப்பு நாய். சுற்றி வளைக்காமல் கேட்டார்: “தனியாக மலையேற வருகிறவரிடம் நீங்கள் முதலில் சொல்வது என்ன?”

இதை நான் இன்டர்நெட்டில் பாடமாக்கி வைத்திருந்தேன். “எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்பேன்” என்றேன். அதோடு நிறுத்தினேனா? இல்லை. சொல்லாமல் போகிறவர்கள் தங்களை மட்டுமல்ல, தேடி வருகிறவர்களையும் ஆபத்தில் மாட்டுகிறார்கள், அது பெரிய பொறுப்பின்மை என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். ஹியூவின் முகம் மலர்ந்தது. நாயும் வாலாட்டியது. வேலை கிடைத்தமாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

விடைபெற்று வாசலைத் தாண்டும்போது ஹியூ பின்னாலிருந்து கேட்டார். “இனி எங்கே போகிறீர்கள்?”

இவ்வளவு நல்லாக வந்த காரியம், கடைசியில் இப்படிக் கேட்டுவிட்டாரே. கால் தானாகத் திரும்பியது. உள்ளே போய், எழும்பின கதிரையிலேயே மறுபடி இருந்து, “கொஞ்சம் தண்ணீர் தருவீர்களா?” என்றேன். பாவம் மனிதர், ஒன்றும் விளங்காமல் ஒரு குவளை கொண்டுவந்து தந்தார். குடித்தேன். எழும்பினேன். “லண்டனுக்கு, நேரே லண்டனுக்கு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தண்ணீர் குடித்ததில் தோஷம் கழிந்துவிட்டதாகவே நம்பினேன்.

ஆனால் கார் லண்டன் போகவில்லை. கோடையில் நான் ஆளப்போகிற மலை அல்லவா, கொஞ்சம் ஏறிப் பார்ப்போம் என்று ஆசை. முதலுதவிப் பையைக் காரிலேயே விட்டுவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன். (ஓம், கைப்பை.) பாதி வழியில் பனிப்புகார் இறங்கியது. முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. புல் என்று நினைத்து மிதித்தது புல் இல்லை. ஒரு கால் சேற்றுக்குள் போக, அதை இழுத்தெடுத்த வேகத்தில் மற்றக் கணுக்கால் மடங்கியது.

தவழ்ந்துபோய் ஒரு பாறையில் ஏறி இருந்தேன். தொழில் தொழில்தானே, முறைப்படி என்னையே பரிசோதித்தேன். வலி பத்துக்கு எத்தனை? ஆறு. வெட்கம் பத்துக்கு எத்தனை? அது பத்தைத் தாண்டிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. சரி, தேடி வருவார்கள் என்று நினைத்தபோதுதான், யார் வருவார்கள் என்ற கேள்வி வந்தது. ரவிக்கு நான் இல்ஃபோர்டில் யாரையோ ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டிருக்கிறேன். வேலையிடத்துக்கு நான் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்தில். ஹியூவுக்கு நான் மோட்டர்வேயில். நான் இருக்கிற இடம் தெரிந்த ஒரே சீவன் அந்தச் செம்மறியாடு. அதுவும் கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய்விட்டது. அப்போதுதான் உண்மையில் பயந்தேன். குளிர் எலும்புக்குள் ஏறியது. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்று அம்மா அடிக்கடி சொல்வார். கோயிலை இடித்துவிட்டு அதன் கல்லிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று அழுகை வந்தது.

கீழே நடந்ததைப் பிறகு ரவி சொல்லித்தான் அறிந்தேன். ஹியூ குடிலைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட, என் கார் இன்னும் நிற்பதைக் கண்டிருக்கிறார். அவசரத்துக்கு அழைக்க நான் கொடுத்திருந்தது வீட்டு நம்பர். எடுத்தவர் அம்மா.

“உங்கள் மகள் எங்கே போனார் என்று தெரியுமா?”

அம்மாவின் ஆங்கிலம் சின்னது, ஆனால் உறுதியானது. “எங்கட வீட்டிலை அப்பிடிக் கேக்கிறேல்லை.”

“எப்போது வருவார் என்று சொன்னாரா?”

“அதுவும் கேக்கிறேல்லை. நீர் ஆர்?”

வேல்ஸ், மலை, நேர்முகம் என்று அவர் விளக்க, பாங்க் நம்பர் கேட்கிற கள்ளன் என்று முடிவுகட்டி அம்மா போனை வைத்துவிட்டார். ஹியூ மறுபடி அழைத்து, “சிவப்புக் கார், உள்ளே சின்ன ஈட்டிமாதிரி ஒன்று தொங்குகிறது” என்றதும்தான், அது முருகன் வேல் என்று விளங்கி அம்மா ரவியைக் கூப்பிட்டிருக்கிறார். ரவி ஓடிவந்து என் வேலையிடத்துக்குப் போன் அடித்தார். ஸ்பீக்கரில் அவர்கள் அன்பாகக் கேட்டார்களாம், மாமியாருக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததா என்று. இரண்டு கண்ணும் நல்லாகத் தெரிகிற மாமியார் பக்கத்தில் நின்று, “எனக்கோ? எப்ப?” என்றிருக்கிறார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை.

என்னை முதலில் கண்டுபிடித்தது அந்தக் கறுப்பு நாய். பின்னாலேயே புகாருக்குள்ளிருந்து இரண்டு உதவியாளரோடும் ஸ்ட்ரெச்சரோடும் ஹியூ வந்தார். என்னைப் பார்த்தார். கைப்பையைப் பார்த்தார். “லண்டன் இந்தப் பக்கம் இல்லை” என்றார். வேறு ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சிக்னல் கிடைத்த இடத்தில் ஸ்ட்ரெச்சரை இறக்கி, தன் போனை என் காதில் வைத்தார்.

“பிள்ளை,” அம்மாவின் குரல் உடைந்திருந்தது. “நீ எங்கை போனனி?”

என் வாழ்க்கையில் அம்மா அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னப் பிள்ளைமாதிரி வாய்விட்டு அழுதேன். அம்மாவும் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அது கிடக்கட்டும். வேலை கிடைச்சதோ?” என்றார்.

ரவி போனை வாங்கினார். அவர் பஸ் டிரைவர். “நான் ஓடுற பஸ்கூட எங்கை போறன் எண்டு நெத்தியிலை எழுதிக்கொண்டுதான் போகுது. உமக்கு ஒரு வாய் சொல்ல ஏலாமப் போச்சோ?” என்றார்.

வேலை கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால்தான் அநியாயம். அடுத்த வருஷம் அதே விளம்பரம் வந்தது. இந்த முறை அம்மாவே பொறுப்பெடுத்தார். முருகன் கோயிலில் அர்ச்சனைக்கு நின்ற ஒருவரையும் விடாமல், “மகள் வேல்ஸ் மலைக்கு இன்டர்வியூவுக்குப் போறாள், பின்னேரம் வந்திடுவாள்” என்று சொல்லித் தீர்த்தார். சித்திக்கு முதல் ஆளாகச் சொன்னார். மனோர் பார்க்கின் அத்தனை கண்ணும் பட்டும் வேலை கிடைத்தது. இப்போது கோடை வந்தால் எனக்குப் பாறையும் உண்டு, தேநீரும் உண்டு. மலையேற வருகிறவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று நான்தான் கேட்கிறேன். கேட்ட கையோடு இருத்தி ஒரு குவளை தண்ணீரும் கொடுக்கிறேன். மலையேற முன்னம் தண்ணீர் குடிப்பது நல்ல வழக்கம் என்று ஹியூ என்னைப் பாராட்டுகிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

வீட்டில்தான் நிலைமை மோசம். கேட்காமல் விட்ட வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து அம்மா இப்போது கேட்கிறார். அதே நேரம் பழைய சட்டத்தையும் விட்டுக்கொடுக்கமாட்டார். நேற்றும் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அம்மா ஒரு கையில் தண்ணீர்க் குவளையோடு வழிமறித்தார்.

“முதல் இதைக் குடி. பிறகு சொல்லு, எங்கை போறாய், எத்தினை மணிக்கு வருவாய்?”