தலையணைக்கு வந்த சைனஸ்

மூக்கு வெச்சிருக்கிறவங்க அத்தனை பேரும் வந்துட்டாங்க. தும்மிக்கிட்டு ஒரு கூட்டம், உறிஞ்சிக்கிட்டு ஒரு கூட்டம், மூக்கு நல்லா இருந்தும் "எதுக்கும் ஒரு தடவை காட்டிடலாமே"ன்னு ஒரு கூட்டம். தெருவுல கால் வைக்க இடமில்லை. எங்க மெத்தைப் பட்டறைக்கு மூக்குச்சாமி வந்திருக்காரு, அதான் விஷயம்.

சைனஸ் எதனால வருதுன்னு உலகத்துக்கே தெரியாத ரகசியம் ஒண்ணு அவருக்குத் தெரியும். புழுவாம். நெத்திக்குள்ள, கன்னத்து எலும்புக்குள்ள வாடகை கொடுக்காம குடித்தனம் நடத்துற வெள்ளைப் புழு. அதை மந்திரம் சொல்லி, மூலிகை ஆவியில வெளிய இழுத்து, கிண்ணத்துல மிதக்கவிட்டுக் காட்டுவாரு. கத்தி இல்லை, ஊசி இல்லை, எல்லாம் இயற்கை. புழுவைக் கண்ணாலயே பார்த்தாச்சு, அப்புறம் மூளைக்கு என்ன வேலை? ஜனங்க அதுக்கு லீவு கொடுத்து அனுப்பிட்டாங்க.

எங்க பட்டறையில மூக்கு அடைக்காத ஆளே கிடையாது. நாள் பூரா பஞ்சு பறக்கும். சாயங்காலம் பார்த்தா எல்லாருக்கும் புருவம் நரைச்சிருக்கும். ஜன்னலைத் திறந்து விடுங்க, மூக்குல கட்டிக்கத் துணி கொடுங்கன்னு கேட்டா முதலாளிக்குக் காது கேட்காது. ஜன்னலைத் திறந்தா பஞ்சு வீணாப் போகுமாம். ஆனா புழு எடுக்கணும்னதும் வண்டி அனுப்பிச் சாமியைக் கூட்டிட்டு வந்துட்டாரு. மனுஷன் படிச்சவரு வேற. வாங்கின பட்டத்தை எல்லாம் கண்ணாடி போட்டு நாற்காலிக்கு மேல மாட்டி வெச்சிருக்காரு. அது தலைக்கு மேலயே நின்னுடுச்சு, உள்ள இறங்கலை.

எனக்கு இதெல்லாம் வெறும் வேடிக்கையாத்தான் இருந்திருக்கும். ஆனா அந்த வரிசையில எங்க அக்கா நின்னா. அவளும் நானும் ஒரே பட்டறையில மெத்தைக்கு ஓரம் தைக்கிறவங்க. அவளுக்குச் சைனஸ் புதுசு இல்லை. இந்தத் தடவை காய்ச்சலும் சேர்ந்துக்கிச்சு. டாக்டர் மாத்திரை கொடுத்து, "கண்ணுப் பக்கம் வீங்கினா உடனே வந்துடுங்க, பார்வைக்கே ஆபத்து"ன்னு சொல்லியிருந்தாரு. அதுக்கப்புறம் சந்தையில பார்த்த மூக்குச்சாமி, மாத்திரை போட்டா புழுவுக்குக் கோபம் வரும்னு சொன்னாரு. இவ அதைச் சாக்கடையில போட்டுட்டா. இன்னைக்குக் காலையில இடது கண்ணு பாதி மூடிக்கிச்சு.

"அக்கா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"இரு டி. ராணிப் புழு கண்ணுக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்காம். அதான் வீக்கம். இன்னைக்கு எடுத்துடுறேன்னு சாமி சொல்லியிருக்காரு."

"உன் மண்டைக்குள்ள எட்டிப் பார்த்தாரா அவரு?"

"உனக்கு எல்லாமே கிண்டல். போன தடவை சந்தையில அவர்கிட்ட காட்டினப்ப மூக்கு திறந்துச்சா இல்லையா?"

"வெந்நீர் ஆவி பிடிச்சா யாருக்கும்தான் திறக்கும். நம்ம வீட்டு அடுப்புல வெச்ச தண்ணியா இருந்தாலும் திறக்கும். வேலை செஞ்சது வெந்நீர், பேரு வாங்கினது அவரு."

அக்கா முகத்தைத் திருப்பிக்கிட்டா. அவ கைக்குட்டையில ஏதோ முடிஞ்சிருந்தா. பிரிச்சுப் பார்த்தா அவளோட ஒரே தங்க வளையல். ராணிக்குத் தங்கத்தைக் காட்டினாத்தான் வெளிய வருமாம். வந்தப்புறம் வளையல் சாமியோட பைக்குப் போயிடுமாம். புழுவுக்குக்கூட நகை ஆசை, பாருங்க. எனக்குச் சிரிப்பு வரலை, அழுகைதான் வந்துச்சு. "ராணி வெளிய வர்றதைப் பார்த்துட்டுத்தான் எங்கயும் வருவேன்"னு ஒரே பிடியா நின்னுட்டா.

பின்பக்கம் போய் என் சிநேகிதிகிட்ட புலம்பினேன். அவ துணி வெட்டுறவ. பட்டறையில அவளுக்குக் கத்தரின்னு பேரு. கையில இருக்கிறதைவிட வாயில இருக்கிறதுக்குத்தான் அந்தப் பேரு. சந்தையில சாமி வைத்தியம் பண்ணினதை அவளும் பார்த்திருக்கா.

"நோயாளி தலையில போர்வை போட்டதும் சாமி அவங்களைத் தொடமாட்டாரு, கவனிச்சியா?"ன்னு கேட்டா. "தொட்டா மந்திரம் முறிஞ்சிடுமாம். உள்ள இருக்கிறவங்க பேசவும் கூடாது, வாயைத் திறந்தா புழு திரும்ப ஓடிடுமாம். போர்வையைத் தூக்கியும் பார்க்கக்கூடாது. தொடக்கூடாது, பேசக்கூடாது, பார்க்கக்கூடாது. ஏண்டி, அப்புறம் உள்ள ஆளு எதுக்கு?"

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பஞ்சு மூட்டையைப் பார்த்தோம்.

நாங்க மெத்தைக்காரங்க. எதைத் திணிச்சு எப்படி உருவம் கொண்டு வரணும்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நீளத் தலையணை ஒண்ணு முதுகு, உருண்டைத் தலையணை ஒண்ணு தலை. பழைய சட்டைக்குள்ள பஞ்சை அடைச்சுத் தோள் வெச்சோம். "தோளை இன்னும் கொஞ்சம் தொங்க விடு, ரொம்ப நாளா மூக்கு அடைச்ச ஆளுக்கு இப்படி நிமிர்ந்து உட்கார வராது"ன்னு கத்தரி திருத்தினா. வெளிய எல்லாரும் டோக்கனுக்கு முட்டி மோதிக்கிட்டு இருந்தாங்க. நாங்க, வைத்தியம் நடக்கப் போற கிடங்குல போட்டிருந்த ஸ்டூல் வரிசையில, அக்கா உட்காரப் போற ஸ்டூலுக்கு முந்தின ஸ்டூல்ல நம்ம தலையணை அம்மாவை உட்கார வெச்சு, மேசைப் பக்கம் குனிய வெச்சு, போர்வையைப் போர்த்திட்டோம். கிடங்குல வெளிச்சம் கூடாதுன்னு சாமியே உத்தரவு போட்டிருந்தாரு. ரொம்ப உதவியா இருந்துச்சு.

வைத்தியம் ஆரம்பமாச்சு. ஆளுக்கொரு கிண்ணத்துல கொதிக்கிற தண்ணி. சாமி ஒவ்வொண்ணுலயும் ஒரு பச்சை உருண்டையைப் போடுவாரு. அவரோட மைத்துனர் கிண்ணத்தைப் போர்வைக்குள்ள தள்ளுவாரு. கொஞ்ச நேரம் மந்திரம். அப்புறம் கிண்ணம் வெளிய வரும். பார்த்தா வெள்ளை வெள்ளையா, சுருண்டு சுருண்டு மிதக்கும். ஜனங்க வாயைப் பொத்திக்கிட்டாங்க. முதலாளி தன் கிண்ணத்தை எல்லார்கிட்டயும் நீட்டி, "எனக்குத்தான் நிறைய"ன்னு பெருமையாக் காட்டினாரு. புழுவுலயும் தொழிலாளி தன்னை முந்திடக்கூடாது பாருங்க.

நம்ம தலையணை அம்மாவோட கிண்ணம் வெளிய வந்துச்சு. சாமி பார்த்தாரு. உச்சுக் கொட்டினாரு.

"ஐயோ பாவம். யாரு இந்தம்மா?"

"இங்க இருக்கிறவங்கதான் சாமி. ரொம்ப அமைதி"ன்னா கத்தரி.

"பல வருஷத்துப் புழு. மூளை வரைக்கும் ஏறிடுச்சு. தலைவலி உண்டா?"

"ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை சாமி."

"அடக்கி வெச்சிருக்காங்க. தூக்கம் எப்படி?"

"போட்ட இடத்துல கிடப்பாங்க."

"பார்த்தீங்களா, புழு மூளையைத் தின்னுக்கிட்டு இருக்கு."

"மூளை இருந்தாத்தானே தின்னும்"னு சொல்லி நான் போர்வையை இழுத்தேன்.

உருண்டைத் தலையணை மேசைக்கு மேல உருண்டு சாமியோட மடியில போய் உட்கார்ந்துச்சு. யாரோ ஒருத்தர் களுக்குன்னு சிரிச்சாங்க.

ஏமாத்துறவனுக்கு வாய்தான் முதல். ஒரே மூச்சுல சமாளிச்சாரு. "இது பஞ்சுல இருக்கிற புழு! மூலிகை ஆவி பட்டதும் பஞ்சுல இருந்தே புழு இறங்கியிருக்கு. என் மருந்தோட சக்தியைப் பாருங்க."

"அதானே"ன்னு ஒரு கிழவர் தலையாட்டினாரு. பக்கத்துல இருந்தவங்களும் ஆட்டினாங்க. எங்க அக்காவும் ஆட்டினா. தலையணைக்கே சைனஸ் வந்தும் இவங்களுக்குப் புத்தி வரலைன்னா, இனி என்னத்தைக் காட்டுறது?

அப்பத்தான் முதலாளி எழுந்தாரு.

"என்ன சொன்னீங்க? என் பஞ்சுல புழுவா?"

கூட்டத்துல பாதிப் பேர் எங்க மெத்தையில படுக்கிறவங்க. ரெண்டு பேர் அதுக்குள்ள முதுகைச் சொறிய ஆரம்பிச்சிட்டாங்க. அதைப் பார்த்ததும் முதலாளிக்கு வேர்த்துடுச்சு.

"அது வந்து, புழு எங்கயும் இருக்கும்"னு இழுத்தாரு சாமி.

"இருக்கட்டும். ஆளும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம். வெறும் தண்ணியில உன் உருண்டையைப் போடு. நான் பார்க்கணும்." "நீங்க" போய் "நீ" வந்துடுச்சு.

"மந்திரம் வீணாப் போயிடும்."

"போனாப் போகட்டும்"னு சொல்லிக்கிட்டே கத்தரி, சாமியோட மைத்துனர் பையில கையை விட்டு ரெண்டு உருண்டையை எடுத்துட்டா. புதுசாக் கொதிச்ச தண்ணியைக் கிண்ணத்துல ஊத்தி, எல்லாரும் பார்க்க மேசை நடுவுல வெச்சு, ஒண்ணைப் போட்டா. நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன். வெளிச்சத்துல எல்லாரும் குனிஞ்சாங்க. மேல இருந்த பச்சை இலை விழுது கரைஞ்சுச்சு. உள்ள இருந்து பொடிப் பொடியா விதை கொட்டுச்சு. சூடு பட்டதும் தோல் பிரிஞ்சு, ஒவ்வொரு விதைக்குள்ள இருந்தும் புழு மாதிரியே சுருண்ட வெள்ளை முளை வெளிய வந்து மிதந்துச்சு.

"மேசைக்கும் சைனஸ் போலிருக்கு"ன்னாரு டோக்கன் கிடைக்காம நின்னிருந்த ஒருத்தர்.

கத்தரி ஒரு விதையை எடுத்து நகத்தால நசுக்கி, அதுல இருந்த முளையை முதலாளி உள்ளங்கையில வெச்சா. "இந்தாங்க, உங்க மூளையைத் தின்னது."

மூக்குல புழுன்னு சொன்னப்ப கையெடுத்துக் கும்பிட்ட முதலாளி, மெத்தையில புழுன்னதும் எப்படிப் பகுத்தறிவாளரா மாறிட்டாரு பாருங்க. லாபத்துல கை வெச்சாத்தான் சிலருக்குப் புத்தி வேலை செய்யும். சாமியும் மைத்துனரும் பின்பக்கமா ஓடி, பஞ்சுக் குவியல்ல விழுந்து, வெள்ளையா எழுந்து, தும்மிக்கிட்டே தெருவுல போனாங்க. "சாமி, உள்ள புழு இருக்கும், யார்கிட்டயாவது காட்டுங்க"ன்னு ஜனங்க பின்னாடியே குரல் கொடுத்தாங்க.

அக்கா மட்டும் கிண்ணத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா.

"அப்ப ராணி?"

"ராணியும் இல்லை, மந்திரியும் இல்லை. உன் கண்ணு மட்டும்தான் இருக்கு. அதையாவது காப்பாத்திக்கலாம், வா அக்கா."

வளையலை எடுத்துக் கையில போட்டுக்கிட்டு எழுந்தா. ஆஸ்பத்திரியில உடனே படுக்க வெச்சு ஊசி மருந்து ஏத்தினாங்க. டாக்டரம்மா எங்களை நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. "சாதாரணமா மூக்கு அடைச்சா வீட்டுலயே ஆவி பிடிங்க, முகத்தைச் சுட்டுக்காம. கொதிக்கவெச்சு ஆறின தண்ணியில உப்புப் போட்டு மூக்கைக் கழுவுங்க. கன்னத்துல வெதுவெதுன்னு துணியை வைங்க, தண்ணி நிறையக் குடிங்க, தலையை உயர வெச்சுப் படுங்க. யார் வேண்டாம்னாங்க? ஆனா காய்ச்சலோட கண்ணு வீங்கினா அப்புறம் கை வைத்தியம் பேசிக்கிட்டு இருக்கக்கூடாது." அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினா. கண்ணு முழுசாத் திறந்த அன்னைக்கு நான் அவ கட்டில்ல உட்கார்ந்து அழு அழுன்னு அழுதேன்.

பக்கத்துக் கட்டில் அம்மா அக்காவைப் பார்த்துப் பரிதாபப்பட்டாங்க. "ஊசி எல்லாம் எதுக்கும்மா? எங்க பக்கத்துல ஒருத்தர் இருக்காரு. காதுல ஊதுவாரு, மண்டையில இருக்கிற கல்லு எல்லாம் வெளிய வந்து விழும். கண்ணாலயே பார்க்கலாம்."

அக்கா கொஞ்சம் யோசிச்சா. எனக்கு உயிரே போச்சு.

"காது இல்லாத இடத்துல ஊதினா விழுமா விழாதான்னு யாராவது பார்த்தீங்களா?"ன்னு கேட்டா அக்கா.

அக்காவுக்குக் கேள்வி வந்துடுச்சு, எனக்கு அது போதும். மூக்கு அடைச்சா வெந்நீர் வெச்சுக் கொடுக்க வீட்டுல யாராவது இருப்பாங்க. புத்தி அடைச்சா அதை நீங்களேதான் திறந்துக்கணும், வேற யாராவது திறக்க வந்தா முதல்ல அவங்க பையைப் பாருங்க.