அமுக்கியும் முப்பத்தெட்டு கிலோ மூட்டையும்

அரியலூரில் அமுக்கி கை வைக்காத கார் கிடையாது. கை வைக்கச் சொன்னவர்கள்தான் குறைவு. எந்த வண்டி நின்றாலும் அதன் மூலையை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பார். ஒரு தரம் எழும்பி அடங்கினால் ஷாக் அப்சர்பர் நன்றாக இருக்கிறது. இரண்டு மூன்று தரம் ஆடினால் போயிற்று. கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த காரையே அமுக்கிவிட்டு, "பின்னாடி ரெண்டும் செத்துருச்சு. பொண்ணு இதுல வாந்தி எடுக்கும்" என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தார். இத்தனை பேரைப் பகைத்துக்கொண்டு ஒரு மெக்கானிக் எப்படிப் பிழைத்தார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டது அப்பாவின் வலி. புற்றுநோய் அவருடைய முதுகெலும்புக்குள் இறங்கியிருந்தது. வாரம் ஒரு தடவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிமெண்ட் லாரிகள் உழுது போட்ட ரோட்டில், எங்கள் இருபது வயதுக் காரின் பின் சீட்டில் படுத்தபடி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முனகுவார். அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவதற்கு நானே செத்துவிடலாம் என்று இருக்கும்.

"நாலையும் மாத்தணும். ஒண்ணே ஒண்ணு மாத்துற ஆளா இருந்தா இப்பவே கெளம்புங்க" என்றார் அமுக்கி. பிறகு, "அப்பா எப்புடிப் படுப்பாங்க?" என்று கேட்டார். காட்டினேன். புது கேஸ் ஷாக்குகளைப் பூட்டி, அதே மாதிரி காலை மடக்கிப் பின் சீட்டில் படுத்துக்கொண்டு என்னை ஓட்டச் சொன்னார். கீழப்பழுவூர் போவதற்குள் குறட்டை விட்டார். திரும்பி வந்து எழுப்பியதும், "தொட்டில் மாதிரி இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார்.

மறுநாள் தஞ்சாவூர் போகும் வழியில் அப்பா திருமானூர் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். பழைய ஷாக்கே தேவலை என்று ஆகிவிட்டது. திரும்பி வந்து அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு, அமுக்கியின் ஷெட்டுக்குப் போய் வாயில் வந்தபடி ஏசினேன். அவர் வண்டியின் பின் மூலையை ஒரு அமுக்கு அமுக்கினார். "அப்பா எத்தனை கிலோ?" என்றார்.

"முப்பத்தெட்டு."

"நான் தொண்ணூத்தஞ்சு. என் கனத்துக்கு அது அமுங்கிக் குடுத்துச்சு. அவங்களுக்கு எப்புடிக் குடுக்கும்? புத்தி கெட்ட பய நான்."

அன்றைக்கே ஒரு ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையைப் பிரித்து, பன்னிரண்டு கிலோவை அள்ளிவிட்டு, மிச்சத்தைத் தலையணை போட்டுப் பின் சீட்டில் படுக்க வைத்தார். என்னை ஓட்டச் சொல்லி, முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து மூட்டையையே பார்த்துக்கொண்டு வருவார். எகிறினால் ஷாக்கைக் கழற்றுவார். மூன்று நாள், மூன்று விதம். கடைசியில் மெத்தென்ற ஆயில் ஷாக் பூட்டியபோது மூட்டை அசையாமல் கிடந்தது. வண்டியை வீட்டில் விட வந்தபோது அப்பா ஜன்னல் வழியாக மூட்டையைப் பார்த்துவிட்டார்.

"அது யாருய்யா, நானா?"

"ஆமாங்க. உங்கள விட அதிகமா தொந்தரவு குடுக்குது."

அப்பா சிரித்தார். சிரித்தால் வலிக்கும். இருந்தும் சிரித்தார்.

அப்புறம் அமுக்கி வாரா வாரம் வந்து அப்பாவின் எடை கேட்பார். முப்பத்தாறு என்பேன். மூட்டையிலிருந்து இரண்டு கிலோ அள்ளுவார், ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார், டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவார். முப்பத்துநாலு. முப்பத்திரண்டு. அந்த மூட்டை சுருங்குவதைப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை.

கடைசி வாரம் தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது அப்பா ஒரு சத்தமும் இல்லாமல் வந்தார். தூங்குகிறார் என்று சந்தோஷப்பட்டு, ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினேன். வீட்டு வாசலில் கதவைத் திறந்து எழுப்பியபோதுதான் தெரிந்தது.

அமுக்கி வந்தார். மற்றவர்கள் கேட்ட எதையும் அவர் கேட்கவில்லை. "வழியில எங்கயாச்சும் முனகுனாங்களா?" என்றார்.

"இல்லண்ணே. ஒரு எடத்துலயும் இல்ல."

அந்தத் தொண்ணூற்றைந்து கிலோ மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சுடுகாட்டில் கொள்ளி வைக்கப் போகும்போது அமுக்கி கூடவே வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அது தெரிந்த உறவுக்காரர் ஒருவர், "இவரு யாரு?" என்று கேட்டார்.

"எங்கண்ணன்" என்றேன்.